பின்சீட்டுக் கதவு

யீலானில் மழை பெய்தால் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். நின்றால்தான் பேசுவார்கள். அன்றைக்கும் பேச ஒன்றுமில்லாத நாள். நகரத்துக்கு வெளியே, மண்சாமி கோயிலை ஒட்டியிருந்த வாங்-லாயின் மெக்கானிக் ஷெட்டுக்குள் பீ-லியென் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, தகரக் கூரையின்மேல் மழை கொட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பகலிலேயே விளக்கு எரிந்தது. பழைய ஆயில், ஈர ரப்பர், மூலையில் சாமி மாடத்தில் புகைந்த ஊதுபத்தி எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. அந்த வாடை இப்போதெல்லாம் அவள் தூக்கத்தில்கூட வந்தது.

"வாங்கக்கா, வாங்க! உட்காருங்க. முதல்ல ஒரு டீ சாப்பிடுங்க," என்றான் வாங்-லாய்.

"டீ குடிக்க வரலைப்பா. கதவு."

"கதவு எங்க போயிடப் போகுது? உட்காருங்க."

இதுதான் வாங்-லாயின் தொழில் ரகசியம். ஷெட்டின் வாசலில் ஒரு மேஜை, அதன்மேல் கெட்டில், கைக்குள் அடங்கும் ஒரு மண் குடுவை, விரலளவு கோப்பைகள். எவ்வளவு கொதித்துக்கொண்டு வரும் வாடிக்கையாளரையும் உட்காரவைத்து ஊற்றிக்கொண்டே இருப்பான். நாலு கோப்பை உள்ளே போவதற்குள் வந்தவருக்குக் கோபம் ஆறிவிடும், வண்டியில் என்ன கோளாறு என்பதே பாதி மறந்துவிடும். பீ-லியெனுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்துதான் போனாள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி ஏற்றும் வேன் ஓட்டியே முடி நரைத்தவள் அவள். வண்டி என்பது வாயில்லா ஜீவன், நாம்தான் கேட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. கார் கிழடுதான். ஆனால் ஆயில் மாற்றுவதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட்டதில்லை. காலையில் மற்றவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், இவள் பானெட்டைத் திறந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பாள். கதவு ரப்பருக்குப் பவுடர் போடுகிற ஒரே பொம்பளை இவள்தான் என்று அக்கம்பக்கத்தில் கேலி உண்டு.

கேலி செய்கிறவர்களுக்கு என்ன தெரியும்? அவள் கணவர் சுங்-மிங்குக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்தால்தான் உயிர். அவர்கள் இருந்த மீனவர் குப்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே கடலோரச் சாலை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அலை. டயாலிசிஸ் முடிந்து துவண்டு போய் வருகிற மனிதரைப் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிவர முடியுமா? இரண்டு தடவை தவறினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும், சளி பிடித்தால் அதைவிட ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கார் நின்றால் சுங்-மிங் நின்றுவிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

கோடையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டெம்போக்காரன் பார்க்காமல் பின்னால் எடுத்து, காரின் வலதுபக்கப் பின்கதவை நசுக்கிவிட்டான். கம்பெனியில் கேட்டால் அந்த மாடலுக்குக் கதவே வருவதில்லை என்றார்கள். வாங்-லாய்தான் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்தான். அதே வெள்ளை, ஒரு கீறல் இல்லை.

"உங்க அதிர்ஷ்டம்க்கா. பெயிண்ட்கூட அடிக்க வேண்டியதில்ல."

அவள் அவனுக்கு ஒரு கூடைப் பழம் வாங்கிக் கொடுத்தாள். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிந்தது.

முதலில் கண்ணாடி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், சங்குமுனை வளைவு வந்ததும், பின்கதவுக் கண்ணாடி தானாக இறங்கியது. யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை. சாரல் நேராக உள்ளே அடித்து, தூங்கிக்கொண்டிருந்த சுங்-மிங்கின் முகத்தை நனைத்தது.

"கண்ணாடியை ஏத்துடி! நான் என்ன மீனா, தண்ணி தெளிச்சு வைக்கிறதுக்கு?"

வாங்-லாய் ஸ்விட்சை மாற்றினான். அடுத்த தடவையும் அதே வளைவில் இறங்கியது. மோட்டாரை மாற்றினான். இறங்கியது. வயரை எலி கடித்திருக்கிறது என்று சொல்லி வயரையும் மாற்றினான். எலி கடித்த வயரைக் காட்டு என்றாள் அவள், தூக்கிப் போட்டுவிட்டேன் என்றான். பிறகு அவனே காரை எடுத்துக்கொண்டு நகரம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, "எங்கிட்ட ஒன்னும் பண்ண மாட்டேங்குதுக்கா, தங்கமா ஓடுது," என்றான்.

"பல்லு வலி டாக்டரைப் பார்த்ததும் நின்னு போற மாதிரியா? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா? டீ ஆறுது பாருங்க."

கம்பெனி ஷோரூமுக்கும் போனாள். சீருடை போட்ட ஒரு பையன் இடுப்பு வளையக் கும்பிட்டு, காரில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றான். தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா என்று கேட்டாள். அவன் இன்னொரு தடவை வளைந்து கும்பிட்டான்.

அதற்குப் பிறகு கைப்பிடி.

அது தனிச் சத்தம். கதவின் உள்பக்கக் கைப்பிடியை இழுத்துவிட்டால் கேட்கும் சத்தம். டக். சங்குமுனை வளைவில் மட்டும். டக், டக். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தாள். சுங்-மிங் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் போர்வைக்குள் இருந்தன.

அதைச் சொன்னபோது வாங்-லாய் கதவின் ஓரத்தில் இருந்த சைல்டு லாக்கைத் தள்ளிப் போட்டான். "முடிஞ்சுது. இனி உள்ளேர்ந்து ராஜாவே இழுத்தாலும் கதவு திறக்காது," என்றான்.

இதெல்லாம் நேற்றுவரைக்குமான கதை. இன்று சுங்-மிங்கை மெஷினில் படுக்கவைத்துவிட்டு, முந்தைய தடவை நடந்ததைச் சொல்ல அவள் வந்திருந்தாள்.

"இப்ப டக், டக்குன்னு நிக்கல," என்றாள். "விடாம இழுக்குது. படபடன்னு. அப்புறம் கண்ணாடியைத் தட்டுது. உள்ளேர்ந்து. எங்க வீட்டுக்காரர் இத்தனை நாள் கதவோரமா உட்காருவாரு. அன்னைக்கி காய்ச்சலோட அந்தப் பக்கம் நகர்ந்து, முழங்காலை ஒடுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. ஏன் நகர்ந்தீங்கன்னு கேட்டா, அந்தம்மாவுக்கு இடம் வேணாமாங்குறாரு."

வாங்-லாய் ஊற்றிக்கொண்டிருந்த டீ கோப்பையை மீறி மேஜையில் வழிந்தது.

"காய்ச்சல் உளறலா இருக்கும்க்கா."

"காய்ச்சல் வரவச்சதே உன் கதவுதான்டா! அப்ப அந்த வாசனை? வண்டி பூரா தைல வாசனை. நான் எந்தத் தைலமும் வைக்கல."

"எந்தத் தைலம்?"

"பச்சைத் தைலம். வண்டியில வாந்தி வர்றவங்க மூக்குல தடவிப்பாங்களே, அது."

வாங்-லாய் கையை நீட்டிக் கெட்டிலை அணைத்தான். டீ பாதியில் இருக்கும்போது அவன் கெட்டிலை அணைத்து அவள் பார்த்ததே இல்லை.

"அந்தக் காரை நான்தான்க்கா கட்டி இழுத்துட்டு வந்தேன்," என்றான் மெதுவாக.

"எந்தக் காரை?"

"கதவு இருந்த காரை."

மழைச் சத்தத்தில் அவன் குரல் சரியாகக் கேட்கவில்லை. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சங்குமுனை வளைவில் சென்ற வருஷம் ஒரு கார் வழுக்கியது. அண்ணன் ஓட்டினான். பின்சீட்டில் தங்கை, சூ யா-வென் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மலையில் மோதிய கார் சுழன்று கடல்பக்கத்து மதிலில் போய் நின்றது. அண்ணன் அங்கேயே மயங்கிவிட்டான். தங்கைக்கு வெளியே காயம் தெரியவில்லை, உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணன்காரன் தன் பிள்ளைங்களுக்காக அந்தக் கதவுல சைல்டு லாக் போட்டிருந்தான்க்கா. தங்கச்சி உள்ளேர்ந்து இழுத்து இழுத்துப் பார்த்திருக்காங்க. ஆளுங்க வந்து வெளியேர்ந்து திறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மடியில தைல பாட்டில் உடைஞ்சு கிடந்துச்சு."

"அதைக் கொண்டுவந்து என் கார்ல மாட்டுன?"

"ஊதுபத்தி ஏத்தினேன்க்கா. செத்தவங்களுக்குன்னு காகிதப் பணம் எரிச்சேன். போயிட்டியாம்மான்னு கேட்டுக் காசு போட்டுப் பார்த்தேன். ஒன்னு தலை ஒன்னு பூ விழுந்துச்சு, போயிட்டேன்னு அர்த்தம்."

"எத்தனை தடவை போட்ட?"

வாங்-லாய் மேஜையைத் துடைத்தான். "அப்படி விழற வரைக்கும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடிக்க ஒரு ஸ்பானர் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவன் பேசிக்கொண்டே போனான். அந்த வீட்டார் பூசாரியைக் கூட்டிக்கொண்டு வளைவுக்குப் போனார்களாம். ஆவியை வீட்டுக்கு அழைக்க, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். நாள் முழுக்கக் கூப்பிட்டும் காசு சரியாக விழவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஒரு தடவை விழுந்தது, போதும் என்று கிளம்பிவிட்டார்கள்.

"அப்ப கார் இங்க இருந்துச்சுக்கா. ஷெட்டுக்குப் பின்னால, மழையில. ஆளே இல்லாத இடத்துல நின்னு கூப்பிட்டிருக்காங்க. அந்தம்மா இங்க, பின்சீட்டுல உட்கார்ந்து காத்துக்கிட்டு இருந்திருக்காங்க."

சாமி மாடத்தில் ஊதுபத்தியின் சாம்பல் உதிர்ந்தது.

"வளைவுக்கிட்ட வரும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்குதோ என்னமோ. இறங்கப் பார்க்குறாங்க. நான் மறுபடியும் பூட்டைப் போட்டுட்டேன்."

"கதவைக் கழட்டு. இப்பவே."

"கழட்டிட்டு? பாலித்தீன் கட்டியா உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போவீங்க, இந்த மழையில?"

அதுதானே எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை. வாங்-லாய் சைல்டு லாக்கை விடுவித்தான். வளைவில் நிறுத்தி, வெளியிலிருந்து கதவைத் திறந்து, பெயர் சொல்லி இறங்கச் சொல்லுங்கள், இறங்கியாயிற்றா என்று காசு போட்டுக் கேளுங்கள் என்றான். பெயர்தான் முக்கியம், பெயரில்லாமல் கூப்பிட்டால் எது வருமென்று யாருக்கும் தெரியாது.

"நீயும் வா."

"லிஃப்ட்டுல ஒரு வண்டி தொங்குதுக்கா..."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

சுங்-மிங் அன்றைக்கு வழக்கத்தைவிடத் துவண்டிருந்தார். நர்ஸ் அவருக்குப் போர்வை போர்த்திவிட்டு, நெஞ்சில் சளிச் சத்தம் கேட்கிறது, நாளைக்கு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றாள். காரில் ஏறும்போது அவர் பீ-லியெனின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை எடையே இல்லாமல் இருந்தது. உள்ளே போனதும் தானாகவே அந்தப் பக்கம் நகர்ந்து, கதவோரத்தைக் காலியாக விட்டார்.

"என்னத்துக்கு அங்க போறீங்க?"

"இருக்கட்டும்டி. உன் கார் என்னைவிட நல்லா இருக்குது. அதுக்குப் போடுற பவுடர்ல கொஞ்சம் எனக்கும் போட்டிருந்தா நானும் ஓடியிருப்பேன்."

"வாயை மூடிட்டுத் தூங்குங்க."

அவர் இருமிக்கொண்டே தூங்கிப்போனார். ஊர் விளக்குகள் பின்னால் போயின. சாலை கடலோரம் ஏறியது. சாயங்காலம்தான், ஆனால் மேகம் கறுத்துக் கடலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வைப்பர் போய் வந்தது. டயருக்கு அடியில் தண்ணீர் சீறியது. கீழே அலை மதிலில் மோதும் ஒவ்வொரு தடவையும் ஸ்டீயரிங்கில் லேசாக அதிர்ந்தது. அவள் காரின் ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணெய் போட்டு வளர்த்தவள், எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

அதில் சேராத ஒரு சத்தம் கேட்டது.

மூச்சு.

கணவருடைய மூச்சில் கரகரப்பு இருந்தது. இது வேறு. பக்கத்தில், அவசரமாக, யாரோ பயந்து வாங்கும் மூச்சு.

பச்சைத் தைலம் மணத்தது.

வளைவு வந்தது. கண்ணாடி இறங்கியது.

டக். டக். டக்.

அவள் மதிலோரமாக நிறுத்தினாள். குடையை விரித்ததும் காற்று அதைத் திருப்பிப் போட்டது. குடையை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவை வெளியிலிருந்து திறந்தாள். கதவோரத்தில் யாருமில்லை. ஆனால் சீட் அமுங்கியிருந்தது. அதற்கு அப்பால் சுங்-மிங் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"சூ யா-வென்!" என்றாள். "இறங்கி வாம்மா. இங்கதான் உன்னைக் கூப்பிட்டாங்க. கதவு திறந்திருக்கு. வீட்டுக்குப் போ."

இரண்டு காசுகளைச் சாலையில் போட்டாள். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள். இரண்டும் பூ. இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். இரண்டும் பூ.

இன்னொரு தடவை. இரண்டும் தலை. அப்படி விழுந்தால் கேட்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அர்த்தம்.

கூப்பிட்டாள், போட்டாள். கூப்பிட்டாள், போட்டாள். மழை காதுக்குள் இறங்கியது. சாரல் காருக்குள் அடித்துக் கணவரின் போர்வையை நனைப்பது தெரிந்தது. நெஞ்சில் சளி, காய்ச்சல், திறந்த கதவு. அவளுக்குள் ஏதோ அறுந்தது. கோடையிலிருந்து சேர்ந்திருந்த எல்லாம் மேலே வந்தது. மாற்றிய ஸ்விட்ச், மாற்றிய மோட்டார், காட்டாத எலிக்கடி வயர், கும்பிடு போட்ட பையன், கோப்பை கோப்பையாகக் குடித்த டீ. இப்போது செத்தவளும் சிரிக்கிறாள்.

"போதும்!" என்று கத்தினாள். "உள்ள இருக்கிறது யாரா இருந்தாலும் இறங்கு! கூப்பிடுறேன் இல்ல? இறங்கு, எழுந்து இறங்கு!"

காசை வீசி எறிந்தாள்.

ஒன்று தலை. ஒன்று பூ.

காற்று விழுந்துவிட்டது. அவள் தோளில் ஏதோ ஊன்றியது. இறங்குகிறவர்கள் பிடித்துக்கொள்வதுபோல, எடையே இல்லாமல். ஒரு கணம் இருந்துவிட்டு விலகியது. ஐயோ பாவம், இத்தனை நாள் இதற்குத்தானே தவித்தது என்று அவளுக்குக் கண் நிறைந்தது. இருட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கதவை மூடினாள்.

அதன் பிறகு அந்தக் கார் ஓடியதே, அதுதான் ஓட்டம். ஒரு முனகல் இல்லை, ஒரு டக் இல்லை. ஏற்றிவிட்ட கண்ணாடி ஏறியபடியே இருந்தது. பின்னால் இருமலும் நின்றிருந்தது. பல மாதத்துக்கு அப்புறம் அவள் தோள்பட்டை தளர்ந்தது. வாங்-லாயை மன்னித்துவிடலாம், அடுத்த வாரம் போய் நிம்மதியாக உட்கார்ந்து அவன் டீயைக் குடிக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

"ஏங்க, காய்ச்சல் எப்படி இருக்கு?"

"இல்லை," என்றது பின்னாலிருந்து குரல். தெளிவான குரல்.

அவள் எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி அவர் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனாள். அதற்குள் வலதுபக்கக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. சுங்-மிங் சீட்டில் நகர்ந்து வந்து, யார் தோளையும் பிடிக்காமல் இறங்கினார். நிமிர்ந்து நின்றார். கதவைத் தடவிப் பார்த்து, மெதுவாகச் சாத்தினார். பிறகு முன்னால் இருந்த வீட்டை, முதல் தடவை பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தார்.

"நனையாதீங்க, உள்ள போங்க," என்றாள் பீ-லியென்.

அவர் போகவில்லை. முழங்கால்களைச் சேர்த்து வைத்து, இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு அவளுக்கு வணக்கம் சொன்னார்.

"ரொம்ப நன்றிக்கா. எத்தனை தடவை இழுத்தேன், நீங்க ஒருத்தர்தான் திறந்தீங்க."

அவள் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது.

"என்னங்க பேசுறீங்க?"

"உங்க வீட்டுக்காரரும் நல்லவரு," என்றது அந்தக் குரல், சுங்-மிங்கின் வாயால். "அந்த வளைவுல அவர் இறங்கும்போது நான்தான் தடுத்தேன். மழை பெய்யுது, உடம்பு சரியில்ல, எங்க போறீங்கன்னு கேட்டேன். அவரு கேட்கலக்கா. எம் பொண்டாட்டி கூப்பிடுறா, இறங்கலேன்னா கத்துவான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."